உங்களுக்குத் தெரியுமா? சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டமும் பழைய கம்ப்யூட்டரும்

கனத்துப்போனது எது?
பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய கம்ப்யூட்டர், அன்றைக்கு எந்த வேகத்தில் கணக்குப் போட்டதோ கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் இன்றும் போடுகிறது. மாறியிருப்பது அது திறக்க வேண்டிய பக்கங்கள். 2010-ஆம் ஆண்டின் கடைசியில் நடுவாந்தரமான ஓர் இணையப் பக்கத்தின் கனம் அரை மெகாபைட்டுக்கும் குறைவு. 2024-இல் அது இரண்டரை மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. 1993-இல் வந்து உலகையே ஆட்டிவைத்த ‘டூம்’ என்ற வீடியோ கேமின் இலவசப் பதிப்பு, நிறுவுவதற்காகச் சுருக்கி வைத்த வடிவில் ஏறக்குறைய இரண்டேகால் மெகாபைட்தான். இன்று பஞ்சாங்கம் பார்க்கத் திறக்கும் பக்கம் அதைவிடப் பெரிசு.

கனத்தில் பெரும்பங்கு படங்களுக்கு. அடுத்தது ஜாவாஸ்கிரிப்ட். படம் இறங்கினால் போதும், திரையில் வந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படி இல்லை; இறங்கிய பிறகு பிராசஸர் அதை வாசித்து, புரிந்துகொண்டு, ஓட்டிக் காட்ட வேண்டும். பழைய மெஷின் மூச்சு வாங்குவது இந்த இடத்தில். நூறு எம்பிபிஎஸ் லைன் போட்ட வீட்டிலும் பக்கம் பாதியில் நிற்பதற்குக் காரணம் இதுவே.

காசு செலவில்லாத முதல் சோதனை
அதே வைஃபையில், அதே பக்கத்தை, கம்ப்யூட்டருக்கு அருகிலேயே உட்கார்ந்து செல்போனில் திறந்து பாருங்கள். போனில் சட்டென்று வந்தால் லைன்மீது குற்றமில்லை, நோய் கம்ப்யூட்டரில். இரண்டிலும் வராவிட்டால் ரவுட்டர், லைன் அல்லது அந்த இணையதளமே காரணம். வேறு பக்கங்களெல்லாம் வந்து அந்த ஒன்று மட்டும் வராவிட்டால் அந்தத் தளத்தின் சர்வர்தான் படுத்திருக்கிறது.

பெரியாறு அணையில் தண்ணீர் இருந்தும் பதினெட்டாம் கால்வாயின் கடைசித் தோட்டத்துக்கு வரவில்லை என்றால், எந்த மடையில் அடைப்பு என்று நடந்துபோய்ப் பார்ப்பார்களே தவிர, அணையைப் பெரிதாக்கச் சொல்ல மாட்டார்கள். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் எல்லாரும் முதலில் செய்வது பிளானை மாற்றுவது! பாதி வீடுகளில் அது வீண் செலவு.

உலகின் முதல் இணையதளம் இன்னும் திறக்கிறது
டிம் பெர்னர்ஸ் லீ, சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய உலகின் முதல் இணையதளத்தை 1991 ஆகஸ்டில் வெளியுலகுக்கு அறிவித்தார். அதன் பக்கங்களை செர்ன் 2013-இல் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்தது. வெறும் எழுத்து, சில சுட்டிகள், ஒரு படம்கூடக் கிடையாது. உங்கள் கம்ப்யூட்டரில் அது கண் இமைப்பதற்குள் வந்து, செய்தித்தளம் மட்டும் தவழ்ந்தால், லைனைத் திட்டுவதை நிறுத்திவிடலாம்.

எட்டில் ஒரு பங்கு
40 எம்பிபிஎஸ் பிளான் என்றால் நொடிக்கு 40 மெகாபைட் இறங்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அது மெகாபிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக நொடிக்கு 5 மெகாபைட். விளம்பரத்தில் பெரிய எண்ணைப் போடுவதுதானே வழக்கம்.

256-இலிருந்து 2-க்கு
2004-இன் மத்திய அரசுக் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது ‘பிராட்பேண்ட்’. 2023 ஜனவரியில் அந்தக் கீழ்வரம்பை 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். இதற்கெல்லாம் முன்பு கீங்... என்று கத்திய 56 கே மோடத்தில் இன்றைய இரண்டரை மெகாபைட் பக்கம் ஒன்றைத் திறந்தால், ஆறு நிமிஷம் ஆகும்.

ரெஃப்ரெஷ் ரெஃப்ரெஷ் ரெஃப்ரெஷ்
கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து நாலைந்து தடவை ‘ரெஃப்ரெஷ்’ அழுத்தும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது திரையில் இருக்கும் ஐகான்களை மறுபடி வரையும். வேறொன்றும் செய்யாது. ராம் காலியாகாது, நெட் வேகம் பிடிக்காது. சாமி கும்பிடுகிற மாதிரி செய்கிறவர்களைத் தடுக்க வேண்டியதில்லை, கெடுதலும் இல்லை.

பள்ளிக்கூடம் கொடுத்த லேப்டாப்
தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் மாநிலம் முழுக்க ஐம்பது லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். கம்பம், சின்னமனூர், ஆண்டிபட்டிப் பக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் அதுதான். அக்கா பிளஸ் டூவில் வாங்கியதைத் தம்பி காலேஜில் பயன்படுத்தி, இப்போது அம்மாவின் சீரியல் பெட்டியாக இருக்கும்.

அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்று இன்னொரு இயங்குதளமும் சேர்ந்து வந்தது. நம் சென்னை சி-டாக் மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-இல் வெளியிட்டது அது. கையில் வாங்கிய முதல் வாரமே கடைக்குக் கொண்டுபோய் அதை அழித்துவிட்டுப் படம் வைக்க இடம் பண்ணினவர்கள்தான் அதிகம். தமிழுக்கும் இந்திய மொழிகளுக்கும் வசதி செய்து கொடுத்திருந்த ஒன்றை, திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிப்போட்டோம்.

அந்த லேப்டாப் திணறுவதற்கு முதல் காரணம் ராம். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் பெரும்பாலும் 2 ஜிபிதான். இன்று விண்டோஸ் எழுந்து உட்காரவே அதில் பெரும்பகுதி போய்விடும். குரோமில் நாலு டேப் திறந்தால் இடம் தீர்ந்து, மீதியை ஹார்ட் டிஸ்கில் எழுதி எழுதிப் படிக்கும். பின்பக்க மூடியைக் கழற்றினால் பல மாடல்களில் காலியாக ஒரு ராம் ஸ்லாட் இருக்கும். டிடிஆர் 3 ராம் பழைய சாமான் விற்கும் கடைகளில் இன்னமும் கிடைக்கிறது. ஒன்று மட்டும்: உள்ளே இருப்பது 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை.

நிமிஷத்துக்கு 5400 சுற்று
பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்குக்குள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5400 தடவை சுற்றுகிறது, நொடிக்கு 90. வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். முள் நகர்வதையும் சேர்த்தால் ஒவ்வொரு தேடலுக்கும் 15 மில்லிசெகண்டுக்கு மேல். பிரவுசரோ ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்களாகத் தன் சாமான்களைச் சேர்த்து வைத்திருக்கும். எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே கிடையாது. அதே தேடல் பத்தில் ஒரு மில்லிசெகண்டில் முடியும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘டிஸ்க்’ என்ற கட்டத்தில் 100% என்று சிவந்து நின்றால், நீங்கள் நெட்டைத் திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் டிஸ்கைத்தான் திட்டியிருக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், என் ஓட்டு எஸ்எஸ்டிக்கு. ராம் இரண்டாவது.

காலண்டர் கோளாறு
கடைக்காரர்கள் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கும் கேஸ் இது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர், நெட் கனெக்ட் ஆகியிருக்கிறது, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று முகத்தில் அடிக்கிறது. வைரஸ் என்று பயந்து ஃபார்மட் போடச் சொல்லிக் கொண்டுவருவார்கள். திரையின் வலதுபக்க மூலையைப் பார்த்தால் தேதி 2009 ஜனவரி 1 என்று இருக்கும்.

மதர்போர்டில் ஒரு வெள்ளி நாணயம் போல உட்கார்ந்திருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். பெயரிலேயே அளவு இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கடிகாரத்தை ஓடவைப்பது அது. அது போனால், கரண்ட் நிற்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் தான் பிறந்த வருஷத்துக்கே திரும்பிவிடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 2009-இல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு, இந்த வருஷம் வழங்கிய சான்றிதழ் ‘இன்னும் பிறக்காத’ ஒன்று. எனவே நம்ப மறுக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, கிளிப்பை விரலால் தள்ளினால் பேட்டரி எம்பி வரும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதிதைப் போட்டு, தேதியைச் சரி செய்தால் வேலை முடிந்தது. தகட்டைத் திறந்த கையோடு உள்ளே பல்லி முட்டை, எறும்புப் புற்று ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், இருக்கும்.

2021 செப்டம்பர் 30
தேதி சரியாக இருந்தும் பழைய கம்ப்யூட்டர்கள் சில அந்த நாளுக்குப் பிறகு பல தளங்களைத் திறக்க மறுத்தன. ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற இலவசச் சான்றிதழ் அமைப்பு சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று அன்றோடு காலாவதியானதே காரணம். பல வருஷமாக அப்டேட் செய்யாத மெஷின்களிடம் புதிய மூலச் சான்றிதழ் இல்லை. இதற்குச் சுலபமான வழி ஃபயர்ஃபாக்ஸ்: அது விண்டோஸை நம்பியிராமல் தன் சான்றிதழ்களைத் தானே கையோடு கொண்டுவருகிறது.

ஆடிக் காற்றும் ‘லாஸ்’ விளக்கும்
தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பாரத்நெட் வேலையை டான்ஃபினெட் என்ற அரசு நிறுவனம் செய்கிறது. தேனி மாவட்டத்தின் 130 ஊராட்சிகளும் அதில் அடக்கம். இழையின் பெரும்பகுதி மண்ணுக்குள் போவதில்லை. மின்கம்பங்களில் தொங்கிக்கொண்டு வருகிறது. லோக்கல் கேபிள்காரர் கொடுக்கும் நெட்டும் அப்படியே.

ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் காற்று நம் பள்ளத்தாக்கில் வாழையையே சாய்த்துப் போடும். மெல்லிய ஒயர் என்ன ஆகும்? கண்ணாடி இழை அறுந்தால்தான் கெடும் என்றில்லை. அளவுக்கு மேல் வளைந்தாலே ஒளி வெளியே கசியும். வீட்டுக்குள்ளும் இதே கதை. ரவுட்டருக்குப் பின்னால் அந்த மெல்லிய மஞ்சள் ஒயரை இறுக்கச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தால் உடனே தளர்த்திவிடுங்கள். ரவுட்டரில் ‘லாஸ்’ என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதற்குக் கம்ப்யூட்டரை எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் பலனில்லை; லைன்மேனைக் கூப்பிட வேண்டியதுதான்.

இன்னமும் செம்புக் கம்பி டெலிபோன் லைனில் நெட் ஓட்டுகிறவர்களுக்கு எதிரி காற்றல்ல, சாரல். கம்பி இணைப்புகளில் ஈரம் இறங்கினால் போனில் கரகரப்பு கேட்கும். நெட் வேகமும் சேர்ந்து இறங்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட அந்த வகை லைனில் வேகம் குறையும் என்பதால், தோட்டத்து வீடுகளுக்கு எப்போதுமே குறைச்சல்தான்.

ஐப்பசி இடிக்கு ஒரு வார்த்தை: கண்ணாடி வழியே மின்னல் பாயாது, ஆனால் ரவுட்டரின் அடாப்டர் வழியே பாயும். இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே நல்லது.

பீரோவுக்குப் பின்னால் ரவுட்டர்
இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர் டிரம்: வைஃபைக்கு இந்த மூன்றும் ஆகாது. உத்தமபாளையம் பக்கத்துப் பழைய வீடுகளின் முக்கால் முழக் கனச் சுவர் நாலாவது. பழைய லேப்டாப்புகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். தெருவில் உள்ள அத்தனை வீட்டு ரவுட்டரும் நெரியும் பாதை அது. ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு லேன் ஒயர் போட்டால் இந்தப் பேச்சே எழாது.

அழித்தால் வேகம் கூடுமா?
தினமும் ‘கேஷ்’ அழிக்கிறவர்கள், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு எதிரானதைச் செய்கிறார்கள். ஒரு தளத்தின் லோகோ, எழுத்துரு, ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் பிரவுசர் ஒரு முறை இறக்கி வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் கேஷ். அழித்தால் அடுத்த முறை அத்தனையும் மறுபடி இறங்க வேண்டும். டிஸ்கில் இடமே இல்லை, அல்லது ஒரு பக்கம் கோணல்மாணலாக வருகிறது என்றால் மட்டும் அழியுங்கள்.

ஏலக்காய் ஏலம் சொல்லும் பாடம்
ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் போடிநாயக்கனூரிலும் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டப் புத்தடியிலும் நடக்கிறது. 2021 ஜனவரியில் இது கிளவுட் முறைக்கு மாறியது; போடியில் உட்கார்ந்திருப்பவர் புத்தடி ஏலத்திலும் கேட்கலாம், அங்கிருப்பவர் இங்கேயும் கேட்கலாம். ஒரு வியாபாரி விலை கேட்டு பட்டனை அழுத்தினால் லைனில் போவது சொற்ப பைட்டுகள். அங்கே வேண்டியது அகலமான குழாய் இல்லை. அழுத்தியது உடனே போய்ச் சேர வேண்டும்.

இந்தப் போய்வரும் நேரத்தைத்தான் ஸ்பீட் டெஸ்டில் ‘பிங்’ என்று காட்டுகிறார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். தேனியிலிருந்து சென்னைக்குப் போய்வர ஐந்தாறு மில்லிசெகண்ட் போதும்; அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு நேர்கோட்டில் போனாலே 140 ஆகும். கடலடிக் கேபிள் வளைந்து வளைந்து போவதால் நடைமுறையில் 200-க்கு மேல். பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்கு முன்பே முகவரி விசாரிக்க, கைகுலுக்க, பூட்டுச் சாவி மாற்றிக்கொள்ள என்று மூன்று நான்கு தடவை போய்வர வேண்டும். பெரிய தளங்கள் தங்கள் பக்கங்களின் நகலைச் சென்னையிலும் மும்பையிலும் வைத்திருப்பது இதனால்தான். பிளானில் எம்பிபிஎஸ்ஸை உயர்த்தினால் ஒளியின் வேகம் உயராது.

தேனி = 12
கணினிக்குள் ‘தேனி’ என்ற சொல்லுக்கு 12 பைட் வேண்டும். அதையே ஆங்கிலத்தில் எழுதினால் 5. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். அப்படியானால் தமிழ்த் தளங்கள் தமிழாலேயே கனக்கின்றனவா? இல்லவே இல்லை. நீங்கள் படிக்கும் இந்தப் பகுதி முழுவதும் சேர்ந்தாலும் நூறு கிலோபைட்டை எட்டாது. செல்போனில் எடுத்த ஒரு கல்யாணப் படம் இதைப் போல முப்பது மடங்கு இருக்கும்.

‘அலோ’ கொடுத்த வினை
பிளஸ் டூ ரிசல்ட் வாரத்தில், மார்க் பார்க்கும் அவசரத்தில் ஏதோ ஒரு தளம் கேட்கும் ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?’ கேள்விக்கு ‘அலோ’ அழுத்திவிடுகிறோம். அதற்கப்புறம் வலது மூலையில் லாட்டரி, வைரஸ் எச்சரிக்கை, உடல் மெலியும் மருந்து என்று முளைத்துக்கொண்டே இருக்கும். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய்த் தெரியாத பெயர்களையெல்லாம் நீக்கினால் நின்றுவிடும்.

கூடவே ஒன்று: குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து அதே பக்கத்தைப் பாருங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன்கள் தாமாக ஓடாது. அங்கே வேகமாக வந்தால், குற்றவாளி நீங்கள் எப்போதோ சேர்த்த ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷன். ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால், எந்த டேப் எவ்வளவு மெமரி தின்கிறது என்று குரோமே பட்டியல் போட்டுக் காட்டும்.

காலை பதினொரு மணி
அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றுபோன ரயில், 2023 ஜூன் 15-இல் மறுபடி போடிக்கு வந்தது. அன்றே சென்னைக்கும் நேரடி ரயில் விட்டார்கள். இணையத்தில் தட்கல் டிக்கெட் திறப்பது ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி. அந்த நேரத்தில் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் உங்கள் லேப்டாப்பை அடிக்காதீர்கள். நாடு முழுக்க ஒரே வாசலில் நிற்கிறது.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு
விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம் 109, வந்தது 2023-இல். அதற்குப் பிறகு புதுப்பித்த தளங்கள் சில அதில் பாதி வெள்ளையாகவே நிற்கும். எத்தனை ராம் போட்டாலும் அது தீராது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், டிபிஎம் 2.0 சிப் இல்லாத பழைய மெஷினை அது ஏற்காது.

மிச்சமிருக்கும் வழி லினக்ஸ். லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு 64 பிட் பிராசஸர் வேண்டும். 2 ஜிபி ராம் குறைந்தபட்சம், 4 இருந்தால் சௌகரியம். தமிழ்99 விசைப்பலகையும் போட்டுக்கொள்ளலாம். ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும். உள்ளே இருக்கும் விண்டோஸோ படங்களோ கலையாது. வைஃபை எடுக்கிறதா, பிரின்டர் எடுக்கிறதா, பிள்ளைகளின் ஆன்லைன் கிளாஸ் ஓடுகிறதா என்று ஒரு சாயங்காலம் பார்த்துவிட்டு, போட்டோக்களை வேறு டிஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டு, அப்புறம் நிறுவலாம்.